50 டன் கிரேன் கிர்டர்: சிவப்பு மூலையை நம்புவதா, 12 மி.மீ. தொய்வை நம்புவதா?

நடுக்கோடு எழுதியது:

வணக்கம். இரட்டைக் கிர்டர் (உத்தரம்) கொண்ட ஈ.ஓ.டி. கிரேன், அதாவது உயரத்தில் தண்டவாளத்தின் மேல் ஓடும் மின் கிரேன் ஒன்றின் பாலப் பகுதியை வடிவமைத்துக்கொண்டிருக்கிறோம். தூக்கும் எடை 50 டன், ஸ்பான் (இரு தண்டவாளங்களுக்கு இடைத்தூரம்) 24 மீட்டர். சுமையைத் தூக்கிக்கொண்டு கிர்டர்களின் மேல் ஓடும் டிராலியின் எடை 15 டன், அதன் சக்கர இடைவெளி 3 மீட்டர். ஒவ்வொரு கிர்டரும் பெட்டி வடிவம்: 1600 × 8 மி.மீ. வெப் (செங்குத்துப் பக்கத்) தகடு இரண்டு, மேலும் கீழும் 600 × 20 மி.மீ. ஃபிளேஞ்ச் (கிடைத்தகடு). உள்ளே 2 மீட்டருக்கு ஒரு டயாஃபிரம் (குறுக்குத் தகடு). இரும்பின் ஈல்டு (நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் எல்லை) 250 மெகாபாஸ்கல். வாடிக்கையாளர் கேட்டிருக்கும் தொய்வு வரம்பு ஸ்பானில் 900-இல் ஒரு பங்கு, அதாவது 26.7 மி.மீ.

முழுவதையும் ஃபைனைட் எலிமெண்ட் மென்பொருளில் ஷெல் எலிமெண்டுகளாக (சிறு தகட்டுத் துண்டுகளாக) மாடல் செய்து, எண்ட் கேரேஜின் (கிர்டர் முனைகளைத் தாங்கும் வண்டியின்) நான்கு சக்கரங்களையும் அசையாமல் கட்டி ஓட்டினோம். டிராலியும் சுமையும் நடுவில் நிற்கும்போது தொய்வு 12 மி.மீ. அதிர்வுக் காரணி 1.25, தன் எடை எல்லாம் சேர்த்தும் கீழ் ஃபிளேஞ்ச் நடுவில் தகைவு (ஓரலகு பரப்பில் விழும் உள்விசை) 40 மெகாபாஸ்கல்தான்.

சிக்கல் இரண்டு. கிர்டர் முனைக்கு அருகே, மின் பேனலுக்காக வெப்பில் 600 × 400 திறப்பு ஒன்று இருக்கிறது. அதன் மூலை சிவப்பாக எரிகிறது. மெஷ், அதாவது எலிமெண்டின் அளவு, 20 மி.மீ. என்றால் தகைவு 165 மெகாபாஸ்கல்; 10 மி.மீ. என்றால் 226, 5 மி.மீ. என்றால் 310. வாடிக்கையாளரின் ஆலோசகர், ஈல்டைத் தாண்டுகிறது என்று டிராயிங்கைத் திருப்பி அனுப்பிவிட்டார். டிராயிங்கில் மூலைக்கு 50 மி.மீ. ஆரம் இருக்கிறது, மாடலை எளிதாக்கும்போது சிறிய ஆரங்கள் எல்லாம் நீக்கப்பட்டன.

இரண்டாவது, எங்கள் மேலாளர். அவருக்குச் சிவப்பு மூலை கண்ணில் படவில்லை, 12 மி.மீ. மட்டும் பட்டிருக்கிறது. வரம்பில் பாதிகூட வரவில்லையே, வெப்பை 6 மி.மீ. ஆக்கு என்கிறார்.

ஒருவர் தடிமனை ஏற்று என்கிறார், ஒருவர் இறக்கு என்கிறார். எதைச் சொல்லி யாரைச் சமாளிப்பது?

---

மெஷ்மன்னன் எழுதியது:

ஷெல் எலிமெண்ட் போதாது. திறப்பைச் சுற்றி சாலிட் எலிமெண்ட் போட்டு 2 மி.மீ. வரை இறங்குங்கள். இரும்பு ஈல்டு ஆவதையும் சேர்த்து நான்லீனியராக ஓட்டினால் உண்மையான தகைவு கிடைத்துவிடும். இப்போது கம்ப்யூட்டர் நேரத்துக்கா பஞ்சம்?

---

வெப்பிளேட் எழுதியது:

மன்னன் அண்ணா, அந்த மூலையில் கிடைப்பதற்கு உண்மையான தகைவு என்று ஒன்று இல்லை. நடுக்கோடு கொடுத்த மூன்று எண்களை வகுத்துப் பாருங்கள். 226-ஐ 165-ஆல் வகுத்தால் 1.37. 310-ஐ 226-ஆல் வகுத்தாலும் 1.37. மெஷ்ஷைப் பாதியாக்கும் ஒவ்வொரு தடவையும் அதே மடங்கு.

இது தற்செயல் இல்லை. தகட்டில் உள்நோக்கிய கூர் மூலையின் தகைவு எப்படி ஏறும் என்று வில்லியம்ஸ் 1952-இல் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். செங்கோண வெட்டு என்றால், மூலையிலிருந்து தூரம் குறையக் குறைய தகைவு ஏறத்தாழ 0.455 அடுக்கில் ஏறும். 2-இன் 0.455 அடுக்கு 1.37. நீங்கள் 2.5 மி.மீ. மெஷ் போட்டால் 425 வரும், இப்போதே எழுதித் தருகிறேன். அதற்கும் கீழே போனால் இன்னும் ஏறும், நிற்கவே நிற்காது. மென்பொருள் சரியாகத்தான் வேலை செய்கிறது. இல்லாத ஒரு மூலையை நாம் அதனிடம் கொடுத்திருக்கிறோம்.

பட்டறையில் அந்தத் திறப்பு 50 மி.மீ. ஆரத்தோடுதானே வெட்டப்படும்? மாடலிலும் அந்த ஆரத்தைப் போடுங்கள். ஆரத்தின் வளைவில் குறைந்தது எட்டு எலிமெண்டாவது வரட்டும். பிறகு மெஷ்ஷைப் பாதியாக்கினால் எண் நகரவே கூடாது. நகராத எண்ணை ஆலோசகரிடம் காட்டுங்கள். மற்ற இடங்களில் சிறிய ஆரத்தை நீக்கினால் குடி முழுகாது. தகைவு படிக்கப்போகும் இடத்தில் மட்டும் நீக்கக் கூடாது.

---

பழைய_ஸ்லைடுரூல் எழுதியது:

மூலையை விடுங்கள். எனக்கு அந்த 12 மி.மீ. தான் உறுத்துகிறது.

தம்பி, ஒரு தாளை எடுங்கள். ஃபிளேஞ்ச் இரண்டின் பங்கு 1.57 × 10¹⁰, வெப் இரண்டின் பங்கு 0.55 × 10¹⁰. ஆக இனர்ஷியா (குறுக்குவெட்டு வளைவை எதிர்க்கும் அளவு) 2.12 × 10¹⁰ மி.மீ.⁴. டிராலியும் சுமையும் 65 டன்; ஒரு கிர்டருக்குப் பாதி; சக்கரம் ஒன்றுக்கு 160 கிலோநியூட்டன். இரண்டு சக்கரமும் நடுவுக்குச் சமதூரத்தில் நின்றால், ஒவ்வொன்றும் முனையிலிருந்து 10.5 மீட்டர். இரு முனையிலும் சும்மா உட்கார்ந்திருக்கும் பீமுக்குத் தொய்வு 21.2 மி.மீ. வருகிறது. வெப்பின் ஷியர் (வெட்டுவிசை) தொய்வு இன்னும் ஒரு மி.மீ. போல. மொத்தம் 22.

தகைவும் அப்படியே. சுமையால் வரும் பெண்டிங் மொமெண்ட் (வளைக்கும் திருப்புவிசை) 1680 கிலோநியூட்டன் மீட்டர், 1.25-ஆல் பெருக்கினால் 2100. தன் எடையை மீட்டருக்கு 5 கிலோநியூட்டன் என்று வைத்தால் 360. கூட்டினால் 2460. கீழ் விளிம்பில் 95 மெகாபாஸ்கல். உங்கள் மாடல் 40 என்கிறது.

பாதிக்கு மேல் எங்கேயோ காணாமல் போயிருக்கிறது. நான்கு சக்கரத்தையும் அசையாமல் கட்டினோம் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் சந்தேகம். கிர்டர் தொய்யும்போது அதன் அடிப்பகுதி இரு முனையிலும் வெளியே நகரப் பார்க்கும். அதை நகரவிடாமல் பிடித்தால் கிர்டர் வளைவு மண்டபம் போல நின்றுவிடும். என் கணக்கில் அதற்கு முனைக்கு 700 கிலோநியூட்டன் கிடைவிசை வேண்டும், ஏறத்தாழ 70 டன். தண்டவாளத்தின் மேல் உருளும் சக்கரம், விளிம்புக்கும் தண்டவாளத்துக்கும் இடையில் விரல் நுழையும் அளவுக்கு இடம் வைத்திருக்கும் சக்கரம், 70 டன்னைப் பக்கவாட்டில் எப்படித் தாங்கும்?

சக்கரங்களில் வந்த கிடைவிசையைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

---

நடுக்கோடு எழுதியது:

ஐயா, பார்த்தேன். ஒரு முனையில் 690 கிலோநியூட்டன், மறுமுனையில் எதிர்த்திசையில் அதே 690. இரண்டையும் கூட்டினால் பூச்சியம் என்பதால் அறிக்கையின் சுருக்க அட்டவணையில் எதுவுமே தெரியவில்லை. செங்குத்து விசைகள் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியிருந்தன.

ஒரு தண்டவாளத்தின் இரண்டு சக்கரங்களில் மட்டும் கிர்டரின் நீளவாக்கு அசைவைக் கட்டி, மறுபக்கத்தை விட்டுவிட்டேன். கிரேன் ஓடும் திசையில் ஒரே ஒரு சக்கரத்தைக் கட்டினேன். தொய்வு 22.3 மி.மீ. கீழ் ஃபிளேஞ்ச் 94. திறப்பின் மூலைக்கு ஆரம் கொடுத்த பின், 5 மி.மீ. மெஷ்ஷில் 152, 2.5 மி.மீ.யில் 153.

வெப்பை 6 மி.மீ. ஆக்கும் பேச்சு இதோடு முடிந்தது என்று நினைக்கிறேன். 22.3-ஐக் காட்டியதும் மேலாளர் அமைதியாகிவிட்டார். ஆனாலும் 26.7-க்குள் தானே இருக்கிறது என்று ஒரு தடவை முணுமுணுத்தார்.

---

மெஷ்மன்னன் எழுதியது:

சக்கரக் கட்டு விஷயத்தில் ஐயா பிடித்தது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதை வைத்துக்கொண்டு கைக்கணக்கே போதும் என்று இந்த இழை போய்விடக் கூடாது. திறப்பின் மூலையில் 153 என்று எந்தத் தாளில் வரும்? சுமை ஒரு பக்க வெப்பின் மேல் ஓடும்போது பெட்டி முறுக்கிக்கொள்ளுமே, அதில் டயாஃபிரத்தின் பங்கு என்ன? அகலமான ஃபிளேஞ்சில் தகைவு சீராகப் பரவாதே? பீம் சூத்திரத்துக்கு இவை எதுவும் தெரியாது. 1956-இல் டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் நால்வரும் அந்தக் கட்டுரையை எழுதியதே, விமான இறக்கையின் தகடுகளைப் பழைய கணக்கால் பிடிக்க முடியவில்லை என்பதால்தான்.

---

பழைய_ஸ்லைடுரூல் எழுதியது:

போதும் என்று யார் சொன்னது? மாடல் சொல்வது எந்த ஊர்ப் பக்கம் இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளத்தான் தாள்.

ஸ்லைப்னர் ஏ கதையை இங்கே பலர் கேட்டிருப்பீர்கள். நார்வேயில் ஸ்டாவாங்கர் அருகே, 1991 ஆகஸ்ட் 23 அன்று, எண்ணெய் மேடையின் கான்கிரீட் அடிப்பகுதியைக் கடலில் சோதனைக்காக அமிழ்த்தும்போது ஒரு சுவர் பிளந்து முழுதும் மூழ்கியது. உயிர்ச்சேதம் இல்லை, பணச்சேதம் பெரிது. வட்ட அறைகள் மூன்று கூடும் முக்கோண இடைவெளியின் சுவர் அது. ஃபைனைட் எலிமெண்ட் மாடலில் அங்கே எலிமெண்டுகள் பெரிதாகவும் கோணலாகவும் இருந்தன. ஷியர் விசை 47 சதவீதம் குறைவாகக் கணக்கானது. கம்பி விவரமும் அதற்கேற்பப் பலவீனமாகிவிட்டது. பின்னால் கவனமாகக் கணக்கிட்டபோது 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று வந்தது. நிஜத்தில் உடைந்தது 65 மீட்டரில்.

அந்தச் சுவரின் இரு முனைக்கு நடுவே நீர் அழுத்தம். அதன் ஷியர் எவ்வளவு என்பது பென்சிலுக்கு அடங்கும் கணக்கு. மாடலின் எண்ணுக்குப் பக்கத்தில் அதை எழுதி வைத்திருந்தால் யாராவது புருவம் உயர்த்தியிருப்பார்கள். அவ்வளவுதான் என் வாதம்.

---

கப்பல்தளம் எழுதியது:

இருவரும் ஒன்றையேதான் சொல்கிறீர்கள், வேறு வேறு பக்கத்திலிருந்து.

கப்பல் வேலையில் முழு உடலையும் 5 மி.மீ. மெஷ்ஷில் போடும் பேச்சே கிடையாது. முதலில் பெரிய எலிமெண்டுகளில் முழு மாடல். விசை எந்த வழியாக இறங்குகிறது, எந்த உறுப்பு எவ்வளவு வாங்குகிறது என்பது மட்டும் அதிலிருந்து. பிறகு சந்தேகமான இடத்தை மட்டும் வெட்டி எடுத்து நுண்ணிய மாடல். வெட்டிய விளிம்பில் முழு மாடலின் இடப்பெயர்ச்சிகளை ஏற்றிவிட வேண்டும். வெட்டு, திறப்பின் மூலையிலிருந்து போதிய தூரத்தில் இருக்கட்டும். விளிம்பை இன்னும் தள்ளி வைத்து ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். மூலையின் எண் மாறினால் முதல் வெட்டு மிக அருகில் இருந்திருக்கிறது.

பெரிய அமைப்புகளைத் துண்டு துண்டாக ஒடுக்கிக் கணக்கிடும் வழியும் பழையதுதான். கயான் 1965-இல் எழுதியது ஒரே பக்கக் குறிப்பு. இன்றும் அவர் பெயரில் எல்லா மென்பொருளிலும் உட்கார்ந்திருக்கிறது. நிலையான சுமைக்கு அந்த ஒடுக்கம் துல்லியம், அதிர்வுக்குத் தோராயம். நிறையை ஒரு சில புள்ளிகளுக்குத் தள்ளிவிடுவதால் உயர் அதிர்வெண்கள் பிசகும். 1968-இல் கிரெய்க், பாம்ப்டன் இருவரும் துண்டின் சொந்த அதிர்வு வடிவங்களையும் சேர்த்து அதைச் சரிசெய்தார்கள். நடுக்கோட்டின் கிரேனுக்கு இவ்வளவு தேவையில்லை. வேறு பெரிய மாடலோடு வருபவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

---

வெப்பிளேட் எழுதியது:

நடுக்கோடு, 6 மி.மீ. பேச்சு முடிந்தது என்றீர்கள். 8 மி.மீ.யே போதுமா என்று பார்த்தீர்களா?

நீங்கள் ஓட்டியது லீனியர் ஸ்டாட்டிக். அதற்கு பக்ளிங் (அமுக்கத்தில் தகடு நெளிவது) என்ற ஒன்று உலகில் இருப்பதே தெரியாது. வெப்பின் மேல்பாதி அமுக்கத்தில் இருக்கிறது. உயரத்தைத் தடிமனால் வகுத்தால் 200. நான்கு விளிம்பும் சாதாரணமாகத் தாங்கப்பட்ட தகடு வளைவில் நெளியும் தகைவுக்கு, பாடப்புத்தகக் குணகம் 23.9. உங்கள் தகட்டுக்கு 108 மெகாபாஸ்கல் வருகிறது. வெப்பின் மேல் விளிம்பில் இருப்பது 93. பாதுகாப்பு இடைவெளி 1.16 மடங்குதான். அதுவும் பளிங்கு போலத் தட்டையான தகட்டுக்கு. வெல்டு செய்த தகட்டில் நெளிவு பிறவியிலேயே இருக்கும், எச்சத் தகைவு இருக்கும், டிராலிச் சக்கரம் மேலிருந்து தனியாக அழுத்தும், முனைப்பக்கத்தில் ஷியரும் சேரும்.

மேலாளரின் 6 மி.மீ.க்கு அதே கணக்கில் 61 தான். இருக்கும் தகைவு 98. அதைத் தாளிலேயே நெளித்துக் காட்டலாம்.

மருந்து மலிவு. அமுக்கப் பக்கத்திலிருந்து உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு இறங்கி, வெப்பின் உட்புறம் நீளவாக்கில் ஓர் ஆங்கிள் வெல்டு செய்யுங்கள். அது போதிய விறைப்போடு இருந்தால் குணகம் 129-க்கு ஏறும். நெளியும் தகைவு ஈல்டையே தாண்டிவிடும்.

பெட்டிக் கிர்டர் தகடுகளைப் பற்றி உலகம் கற்றது இரத்தம் சிந்தித்தான். 1970 ஜூன் 2-இல் வேல்ஸின் கிளெடாவ் பாலம் கட்டும்போதே விழுந்தது. தூணுக்கு மேலிருந்த டயாஃபிரம் நெளிந்தது காரணம், நால்வர் இறந்தார்கள். அதே ஆண்டு அக்டோபர் 15-இல் மெல்போர்னின் வெஸ்ட் கேட் பாலம், 35 பேர். அங்கே இரு பாதிக் கிர்டர்களின் உயர வித்தியாசத்தைச் சமன்செய்யக் கான்கிரீட் கட்டைகளை ஏற்றினார்கள், தகடு நெளிந்தது, நெளிவை எடுக்க போல்ட்டுகளைக் கழற்றினார்கள். இதற்குப் பிறகுதான் பிரிட்டனில் மெரிசன் குழு உட்கார்ந்து பெட்டிக் கிர்டர் விதிகளைப் புதிதாக எழுதியது.

---

நடுக்கோடு எழுதியது:

நீளவாக்கு ஆங்கிள் முதல் டிராயிங்கில் இருந்தது. விலைப்புள்ளி கொடுக்கும்போது எடையைக் குறைக்க எடுத்துவிட்டார்கள். திரும்பச் சேர்த்து ஐகன்வேல்யூ பக்ளிங் (சுமை எத்தனை மடங்கானால் தகடு நெளியும் என்ற கணக்கு) ஓட்டினேன். முதல் வடிவம் இப்போது வெப்பின் நடுவில் இல்லை. முனைப்பக்கம் திறப்புக்கு அருகே ஷியரில் நெளிகிறது, 2.9 மடங்கில். திறப்பைச் சுற்றிப் பட்டைத் தகடு வைத்தால் அதுவும் ஏறும் போலிருக்கிறது.

---

வெப்பிளேட் எழுதியது:

பட்டையை வையுங்கள். ஐகன்வேல்யூ மடங்கு பிறவி நெளிவை அறியாது என்பதால் அந்த 2.9-ஐ அப்படியே பாதுகாப்பு எண்ணாக அறிக்கையில் எழுதாதீர்கள். முதல் வடிவத்தையே சிறிய அளவில் ஆரம்ப நெளிவாகக் கொடுத்து நான்லீனியராக ஓட்டினால், மன்னன் அண்ணாவின் கம்ப்யூட்டர் நேரத்துக்கும் ஒரு வேலை கிடைக்கும்.

---

மெஷ்மன்னன் எழுதியது:

கடைசியில் என்னையும் சேர்த்துக்கொண்டதற்கு நன்றி.

---

வெல்டர்மகன் எழுதியது:

நான் வடிவமைப்பாளன் இல்லை, கிரேன்களைச் சோதிக்கும் பக்கம். நீங்கள் இவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் போட்டு அனுப்பும் கிர்டருக்குத் தளத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். கேபிள் ட்ரே மாட்ட இடம் இல்லை என்று எலக்ட்ரிக்கல் ஆட்கள் கீழ் ஃபிளேஞ்சில், சரியாக நடுவில், ஒரு க்ளீட்டை (சிறிய தாங்குத் தகட்டை) வெல்டு செய்து ஒட்டவைத்துவிட்டுப் போவார்கள். எந்த டிராயிங்கிலும் அது இருக்காது. மாடலில் அந்த இடம் அமைதியான பச்சை.

ஐரோப்பிய ஃபட்டீக் (சுமை திரும்பத் திரும்ப வந்து விரிசல் விடுவது) விதியில், கையால் தொடர்ச்சியாகப் போட்ட நீளவாக்கு ஃபில்லட்டுக்கு (மூலை வெல்டுக்கு) வகை 100; எண் குறைந்தால் தாங்கும் திறனும் குறைவு. அதே இடத்தில் 100 மி.மீ.க்கு மேல் நீளமான க்ளீட்டை ஃபிளேஞ்சின் நீளவாக்கில் ஒட்டினால் வகை 56. ஆயுள் தகைவின் மூன்றாம் அடுக்கில் போவதால், சுழற்சிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகிவிடும். ஒரு கைப்பிடி எலக்ட்ரோடு செய்யும் வேலை.

அலெக்சாண்டர் கீலாண்ட் எண்ணெய் மேடை 1980 மார்ச் 27 அன்று வடகடலில் கவிழ்ந்து 123 பேர் இறந்ததும் இப்படிப்பட்ட சில்லறைப் பாகத்தால்தான். ஹைட்ரோஃபோன் மாட்ட ஒரு குழாய்த் தாங்கியில் செருகி வெல்டு செய்த சிறிய உறுப்பு. அதன் 6 மி.மீ. ஃபில்லட்டில் தொடங்கிய விரிசல் தாங்கியைச் சுற்றி வளர்ந்து அறுத்தது, அடுத்து மற்றத் தாங்கிகள், பிறகு ஒரு கால் முழுவதும்.

ஆகவே கேபிள் ட்ரே, விளக்கு, பெயர்ப்பலகை எல்லாவற்றுக்கும் இடத்தை நீங்களே வெப்பின் நடு உயரத்தில் குறித்துக் கொடுங்கள். கீழ் ஃபிளேஞ்சில் இங்கே வெல்டு செய்யாதே என்று பெயிண்டில் எழுதி அனுப்புங்கள். திறப்பின் மூலையை கேஸ் கட்டிங்கில் வெட்டினால் விளிம்பைக் கிரைண்டர் பிடித்துத் தீட்டச் சொல்லுங்கள். வெட்டுக்கோடுகள் விரிசலுக்கு வாசல்.

---

நடுக்கோடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஆலோசகர் ஆரத்தோடு வந்த 153-ஐ ஏற்றுக்கொண்டார். இப்போது கைக்கணக்கும் மாடலும் ஒரே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும் என்கிறார், சக்கரங்களின் கிடைவிசையோடு. ஆங்கிளுக்கான எடையை மேலாளர் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார். சோதனைச் சுமை ஏற்றும் நாளில் 22 மி.மீ. வராவிட்டால் என் தலைதான் உருளும்.

---

பழைய_ஸ்லைடுரூல் எழுதியது:

அப்படியானால் முதல் அளவை எங்கே எடுக்கப்போகிறீர்கள் என்பதை இப்போதே எழுதி வையுங்கள். 22 என்பது டிராலியும் சுமையும் சேர்ந்த 65 டன்னுக்கு. வெறும் டிராலியை நடுவில் நிறுத்தி லெவலைப் பூச்சியமாக்கிவிட்டு 50 டன்னைத் தூக்கினால் 17 மி.மீ. தான் தெரியும். 125 சதவீதச் சுமை ஏற்றும்போது வேறு எண். டிராலியை முனைக்குத் தள்ளி ஒரு வாசிப்பு, காலி டிராலி நடுவில் ஒரு வாசிப்பு, 50 டன்னோடு ஒரு வாசிப்பு, இறக்கிய பின் மறுபடி ஒன்று. கடைசி வாசிப்பு இரண்டாவதோடு பொருந்த வேண்டும். இரண்டு கிர்டரிலும் தனித்தனியாக எடுங்கள். தண்டவாள மட்டம் ஒரு மூலையில் இறங்கியிருந்தால் நான்கு சக்கரமும் சமமாகத் தாங்காது, எண்கள் இரண்டும் ஒத்துப்போகாது. அன்றைக்கு மாடலைத் திட்டுவதற்கு முன் தண்டவாளத்துக்கு லெவல் வையுங்கள்.